வீட்டிற் பிறக்கும் காருக்கும் ஒரு பிறப்புப் பத்திரம்

இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி, பழைய காரொன்றின் இயந்திரத்தைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு காரைச் செய்துவிட முடியும். ஆயின் அதனை வீதியில் இறக்குவதற்கு, அது எங்கே, எப்போது, எவற்றால் ஆனது எனும் கேள்விகளுக்கு விடையளித்தாக வேண்டும். பிரித்தானியாவில் இதற்கென ஒரு நடைமுறை உண்டு.

அங்கு இக்கலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1957 இல் கொலின் சப்மன் அறிமுகப்படுத்திய 'லோட்டஸ் செவன்' எனும் திறந்த, ஈராசனக் கார் உதிரிப்பாகங்களாகவும் விற்கப்பட்டது. முழுக் காருக்குக் கொள்வனவு வரி உண்டு. தாமே பூட்டிக்கொள்வோர் அதிலிருந்து தப்பினர். 1973 இல் பெறுமதிசேர் வரி வந்ததும் அச்சலுகை மறைந்தது. காரைச் செய்யும் உரிமை அவ்வாண்டே கேற்றர்ஹாம் நிறுவனத்திடம் சென்றது. பின்னர் 1996 இல், றொன் சம்பியன் எனும் பள்ளி ஆசிரியர், 250 பவுண் செலவிலேயே அத்தகைய காரொன்றைச் செய்யலாமென ஒரு நூல் எழுதினார். பழைய போர்ட் எஸ்கோர்ட் காரின் உறுப்புக்களே அதற்கு மூலதனம். 'லோகொஸ்ற்' எனும் பெயரில் அதன் வழிவந்த கார்கள் எத்தனையோ கொட்டகைகளிற் பிறந்தன.

கார் முடிந்ததும் அரச பரிசோதகரின் முன் நிறுத்த வேண்டும். 1998 இல் நடைமுறைக்கு வந்த இப்பரிசோதனை, 2009 முதல் மேலும் இறுக்கமாயிற்று. தடுப்புக்கள், ஸ்ரியரிங், ஆசனப்பட்டி பூட்டும் இடங்கள், விளக்குகள், புகை என யாவும் சோதிக்கப்படும். பாதசாரியைக் கீறக்கூடிய கூரிய விளிம்பொன்றும் தோல்விக்குப் போதுமானது. தவறியவர் திருத்தி மீண்டும் வரலாம்.

அடுத்தது பதிவு. தேறிய சான்றிதழுடன் உதிரிப்பாகங்களின் பற்றுச்சீட்டுக்களும் புகைப்படங்களும் காட்டப்பட வேண்டும். வயதோ பூர்வீகமோ நிறுவப்படாத வாகனத்தின் இலக்கத் தகடு 'கியூ' எனும் எழுத்துடன் தொடங்கும். சொந்தமாய்ச் செய்த சட்டகத்திற் பழைய உறுப்புக்களைப் பூட்டியோருக்கு இதுவே பெரும்பாலும் கிடைப்பது.

இதைத் தவிர்க்கவெண்ணி, இறந்துபோன காரொன்றின் இலக்கத்தைப் புதிய காருக்குச் சூட்டுவோரும் உளர். உண்மை வெளிப்பட்டால் பதிவு பறிபோகலாம். விபத்து நேருங்கால் காப்புறுதியும் கைவிடலாம். பழைய 'வீட்டுக் கார்' வாங்குவோர் பதிவுப் புத்தகத்தைக் காருடன் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

'கியூ' எழுத்து விலையைக் குறைக்கிறது என்பர். நாம் அதனை இழிவாகக் கருதவில்லை. பிறந்த தேதி ஐயத்துக்குரியதெனக் கோப்பில் எழுதப்படும் அனுபவம் நம்மவருக்குப் புதிதன்று. அவ்வெழுத்து ஐயத்தை ஒளிப்பதில்லை. ஆயினும், பாதுகாப்பானதென நிரூபித்த காருக்கு ஏனைய கார்கள் ஓடும் அதே வீதியைத் திறந்துவிடுகிறது. பொய்ப் பூர்வீகத்துடன் அஞ்சி ஓடுவதிலும் இது மேலானது.

ஆகவே, இம்முயற்சியில் இறங்க விழையும் இளைஞர்கள் முதலாவது குழாயை வாங்கும் நாளிலேயே பற்றுச்சீட்டுக்களுக்கென ஒரு பெட்டியை ஒதுக்கிவிடுவார்களாக!