குத்தகை முடியுமுன் கடையைக் கேட்டால்...

ஐந்து வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்த கடை. இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் கட்டட உரிமையாளர், "அடுத்த மாதம் கடையை விட்டுத் தாருங்கள்" என்கிறார். மகனுக்குக் கடை போட வேண்டும் என்பார், அல்லது கட்டடத்துக்கு நல்ல விலை வந்திருக்கிறது என்பார். கடுகண்ணாவையிலும் கண்டியைச் சுற்றியுள்ள ஏனைய நகரங்களிலும் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: விட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

சுருக்கமான பதில்: குத்தகைக் காலம் முடியும் வரை, உரிமையாளர் விரும்பினார் என்பதற்காக மட்டும் நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு உங்கள் கையிலுள்ள பத்திரத்தின் அளவுக்குத்தான் இருக்கும்.

நம்மவர்களில் பலர் முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவரும் கையொப்பமிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாத "ஐந்து வருட" ஒப்பந்தம் ஐந்து வருடக் குத்தகையாக நிற்காது. மாதாமாதம் வாடகை கொடுத்து வந்தால் நீங்கள் மாத வாடகைக்காரர்தான். பொதுவாக ஒரு முழு மாத அறிவித்தலுடன் அதை முடிக்கலாம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு சில பழைய கட்டடங்களுக்கு இன்னும் உண்டு. உங்கள் கடை அதற்குள் வருமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நொத்தாரிசு எழுதிய பத்திரம் இருந்தாலும் அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தீர்களா? நமது நாட்டில் இன்னும் செல்லுபடியாகும் ரோமன்-டச்சுச் சட்டத்தில், விற்பனை குத்தகையை முறிக்காது என்பது பழைய விதி. கட்டடத்தை வாங்குபவர் உங்கள் குத்தகையுடன்தான் அதை வாங்குகிறார். ஆயினும் 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உங்கள் பத்திரத்தை, பின்னர் பணம் கொடுத்து வாங்கித் தனது உறுதியை முதலில் பதிபவர் வென்றுவிடலாம். பதிவுக்கு ஆகும் சிறு செலவை மிச்சம் பிடித்து, பெரிய முதலைப் பணயம் வைக்காதீர்கள்.

அடுத்து, பத்திரத்தை முழுமையாக வாசியுங்கள். "இரு தரப்பில் எவரும் மூன்று மாத முன்னறிவித்தலுடன் முடிக்கலாம்" என்று ஒரு வரி இருந்தால், காலம் முடியுமுன் முடிக்கும் உரிமையை நீங்களே ஒப்புக் கொண்டிருக்கிறீர்கள். வாடகை பாக்கி, அனுமதியின்றி உப வாடகைக்கு விடல், கட்டடத்தை மாற்றியமைத்தல் போன்றவையும் உரிமையாளருக்கு நியாயமான காரணத்தைக் கொடுக்கக் கூடும். ஆகவே பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து வாடகையை ஒரு நாளும் பிந்த விடாதீர்கள். அவர் வாங்க மறுத்தால் காசுக்கட்டளையாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஒருநாள் காலையில் கடைக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தால்? உரிமையாளரானாலும் நீதிமன்றக் கட்டளையின்றித் தானே உங்களை வெளியேற்ற முடியாது. கைகலப்பில் இறங்காமல் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ், வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்துக்கு வந்தால், மீண்டும் உடைமையை ஒப்படைக்கக் கட்டளையிடலாம். இரண்டு மாதம் கடந்தாலும், ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை மீட்பு வழக்குத் தொடரலாம். சமரசம் பேசிக்கொண்டே இந்த நாட்களைக் கடத்திவிடக் கூடாது.

உரிமையாளருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. குத்தகை முடிந்த அல்லது முறைப்படி முடிவுறுத்தப்பட்ட இடத்தை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. காலம் முடிந்த பின்னும் வழக்கை இழுத்தடித்துக் கடையில் இருந்துவிடலாம் என்ற பழைய எண்ணம் இனி ஆபத்தானது. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அன்றே சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.

பல வேளைகளில் பேசித் தீர்ப்பதே இலாபம் என்பது எனது கருத்து. ஆனால் வெறுங்கையுடன் பேசப் போகாதீர்கள். முற்பணத்தில் மீதி எவ்வளவு, ராக்கை, தடுப்பு, பெயர்ப்பலகைக்கு என்ன செலவு, சாமான்களை இடம் மாற்ற என்ன ஆகும், புது இடத்தில் வியாபாரம் பிடிக்கும் வரை எவ்வளவு நட்டம் என்று கணக்கெழுதிக் கொண்டு போங்கள். பெருநாள் வியாபாரம் முடியும் வரை அவகாசம் கேட்பதும் நியாயமே. உடன்பாடு வந்தால் குத்தகை ரத்தையும் நொத்தாரிசு மூலமே எழுதிப் பதியுங்கள். பணம் கைக்கு வருமுன் சாவியைக் கொடுக்காதீர்கள்.