குளிருக்கு வயிறு நிறையக் காய்கறி சூப்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி அருகே தலைகுந்தா புல்வெளி விடியற்காலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் தாகம் எடுப்பதே தெரியாது. ஆனால் சிறுநீர் அடிக்கடி போகும். மூச்சு வழியாகவும் உடலின் ஈரம் குறையும். டீயும் பஜ்ஜியுமாகப் பொழுது போனால் நீரும் நார்ச்சத்தும் சேர்ந்தே குறைந்து, மலச்சிக்கல்தான் மிஞ்சும். இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் தருவது காய்கறி சூப்.

வடிகட்டாதீர்கள்

சாப்பாட்டுக்கு முன் பசி தூண்டக் குடிக்கும் தெளிந்த நீரை நான் இங்கே சொல்லவில்லை. இரவு உணவாகவே நிற்கும் சூப்பைச் சொல்கிறேன். காயை வேகவைத்துச் சக்கையைத் தூக்கி எறிந்தால் நார்ச்சத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விடும். மிஞ்சிய நீரைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சோளமாவில் மாவுச்சத்தைத் தவிர வேறு சத்து இல்லை.

நீலகிரியில் 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் வேரூன்றிய கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் எல்லாம் இன்று மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நம் தெருக்கடை வரை வந்துவிடுகின்றன. சந்தையில் இன்னும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றே கேட்டு வாங்குகிறோம். சூப்புக்கு இவற்றைவிடப் பொருத்தமான காய் கிடையாது.

செய்முறை

நான்கு பேருக்கு இரண்டு கேரட், ஓர் உருளைக்கிழங்கு, பத்துப் பீன்ஸ், ஒரு கை நறுக்கிய முட்டைகோஸ், இரண்டு தக்காளி, பத்துச் சின்ன வெங்காயம் போதும். இவற்றோடு கால் கப் பாசிப்பருப்பு கட்டாயம் வேண்டும். பருப்பு இல்லாத சூப் குடித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நான்கு பல் பூண்டையும் சிறு துண்டு இஞ்சியையும் தட்டிப் போடுங்கள். பூண்டின் ஓரம் பொன்னிறமானதும் வெங்காயம், தக்காளியைச் சேர்த்து, தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை வதக்குங்கள். இந்த வதக்கலில்தான் சூப்பின் ருசி இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். கேரட்டின் பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளவும் இந்தக் கொழுப்பு தேவை. பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு போட்டு ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விடுங்கள். திறந்தபின் உருளைக்கிழங்கைக் கரண்டியால் மசித்தால் போதும், சூப் தானாகக் கெட்டியாகிவிடும். பீன்ஸும் கோஸும் பிறகு சேர்ந்து, நறுக்கென்று கடிபடும் பதத்தில் வேகட்டும். பொடித்த மிளகு, சீரகம், கொத்தமல்லி தூவி இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றை இறக்கியபின் பிழியுங்கள். வைட்டமின் சி சூட்டில் அழியும்.

உப்பில் கவனம்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வீட்டில் ஊறுகாய், அப்பளத்திலேயே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்த முழுச் சூப்புக்கும் முக்கால் டீஸ்பூன் உப்பே அதிகம். பாக்கெட் சூப் வாங்குகிறவர்கள் உறையின் பின்புறம் சோடியம் அளவைப் பாருங்கள்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு.

சளிக்கு மருந்தா?

சூப் சளிக் கிருமியைக் கொல்லாது. அதன் சூடும் ஆவியும் மூக்கடைப்பை இளக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும், உடலுக்கு நீர் சேரும். மூச்சுத் திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் மிளகு கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

சர்க்கரை நோயாளிகள் உருளைக்கிழங்கைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. காய்களிலுள்ள பொட்டாசியம் வெந்த நீரில் இறங்கும். அதனால்தான் அவர்களில் பலரைக் காயை வேகவைத்து நீரை இறுத்துவிட்டுச் சாப்பிடச் சொல்கிறார்கள். சூப்பில் அந்த நீரையே குடிக்கிறோம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், எவ்வளவு தரலாம் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டபிறகே கிண்ணத்தை நீட்டுங்கள்.