பச்சைக் குழந்தைக்கு ஒரு காவல்

பிறக்கும்போதே கூட வருகிற ஒரு ரத்த நோய், முதல் சில மாதங்கள் மட்டும் ஏன் தலைகாட்டுவதில்லை? யோசித்ததுண்டா நேயர்களே?

அரிவாள் செல் சோகை என்ற அந்த நோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். வலியில் உயிர் போகும். ஆனால் பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் அப்படி வளையும் அணுக்கள் குறைவு என்று 1948-இல் கவனித்துச் சொன்னார், நியூயார்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன். பெரியவர்களின் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்குமா, சொல்லுங்கள்!

தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான கரு ஹீமோகுளோபின்தான் காவல் என்பது அவர் ஊகம். அது மெல்லக் குறையும்போதுதான் நோய் எட்டிப்பார்க்கிறது. இன்று தருகிற ஹைட்ராக்சியூரியா மருந்து, அந்தப் பழைய ஹீமோகுளோபினைத்தான் உடம்பில் மறுபடி கூட்டுகிறது.