கொசு உள்ளானைப் படம் பிடிக்கப் போறீங்களா?

தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். குவிச்ச உப்பைப் பார்க்கிறவர்கள் அதிகம். பாத்திக்குள் ஓடுகிற குருவியைக் கவனிக்கிறவர்கள் குறைவு. சிட்டுக்குருவி அளவு, கறுத்த கால், இருபது முப்பது கிராம் எடை. பேரு கொசு உள்ளான். ஸ்காண்டிநேவியா, சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, மழைக்காலத்துக்கு முன்னால் நம்ம கடற்கரைக்கு வந்து, சித்திரை வாக்கில் திரும்புகிற பறவை.

இதைப் படம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு நொடி நிற்காது. சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடும். துரத்தினால் கிடைக்கவே கிடைக்காது. உப்பளக்காரரிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் போகணும். வெயில் நம்ம முதுகில் விழணும். அது மேய்ந்து வருகிற திசைக்கு முன்னால் போய் வரப்பில் குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு வைத்துக் காத்திருந்தால், அரை மணி நேரத்தில் அதுவாகவே பக்கத்தில் வரும். ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்காவது வேண்டும், பறக்கும்போது 3200. ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். படத்தில் புள்ளி விழுந்தால் சரிசெய்யலாம், கலங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, உப்பின் வெள்ளை கேமராவை ஏமாற்றும். பறவை இருண்டு போகும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கணும்.

"ஐயா, இம்புட்டு நேரமா கிடக்கியளே, அது காசு ஏதும் தருமா?" என்று உப்பு வாருகிற அக்கா ஒருத்தர் கேட்டார். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்!

பறக்கிற படம் வேணும் என்பதற்காகக் கூட்டத்தின் மேல் கல்லெறிகிறவர்களும் உண்டு. பங்குனி, சித்திரையில் இது பெரிய பாவம். பல ஆயிரம் கிலோமீட்டர் பயணத்துக்காக உடம்பில் கொழுப்பைச் சேர்க்கிற நேரம் அது. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது.

நமக்கும் இதில் பங்கு இருக்கு. உப்பு முற்றிய பாத்தியில் பறவைக்குத் தீனி அதிகம் இல்லை. உவர்ப்புக் குறைந்த முதல் பாத்திகளிலும் ஓடை முகத்துவாரத்திலும்தான் ஈப்புழுவும் சிற்றுயிர்களும் கிடக்கும். ஸ்ரீவைகுண்டம் அணையில் பிரிகிற வடகால் தண்ணீர் கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, மிஞ்சியது உப்பாத்து ஓடை வழியாகக் கடலுக்குப் போகிறது. வாழைக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லியும் அந்த வழியாகத்தானே போகும்?

உப்பளம் வரை போக முடியாதவர்கள் வயலிலேயே பஞ்சுருட்டானைப் பிடிக்கலாம். பூச்சியைப் பறந்து பிடித்துவிட்டு பெரும்பாலும் அதே கம்புக்குத் திரும்பி வரும். கம்பின் மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். பூச்சி பிடிக்கட்டும் என்று நாம் நடுகிற பறவைத் தாங்கியே இதற்கு நல்ல இடம். தேனீயையும் தின்னும், தேன்பெட்டி வைத்திருக்கிறவர்கள் கோபப்படக் கூடாது.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர் வாங்கினவர். இன்றைக்கு நம்மிடம் இருக்கிற கருவி எதுவும் அவரிடம் இல்லை. பொறுமைதான் இருந்தது.

பஞ்சுருட்டான் கோடையில் மண்கரையைத் துளைத்து முட்டையிடும். என் ஓடைக்கரையிலும் மூன்று பொந்து இருக்கு. கரையைச் சீர் பண்ண ஜேசிபி வந்தபோது அந்தப் பக்கத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். படம் எடுக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். பொந்துக்கு முன்னால் கேமரா வைக்க மட்டும் அனுமதி இல்லை. வேண்டுமானால் வயலுக்குள் இன்னொரு கம்பு நட்டுத் தருகிறேன்.