குழந்தையின் தலையை அளந்து பார்த்தீர்களா?

ஏழாம் நாள் அகீகாவுக்கு முடி இறக்கியதும் குழந்தையின் தலை முழுசாகத் தெரியும். முடியின் எடைக்கு வெள்ளி சதக்கா கணக்குப் பார்க்கும் நாம், அப்படியே ஒரு தையல் டேப்பையும் எடுக்கலாம். புருவத்துக்கு மேலேயும் பின்மண்டைப் புடைப்பின் மேலேயும் சுற்றி அளந்து, தாய் சேய் நல அட்டையில் குறித்து வையுங்கள். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸிடம் சொல்லி மறுபடி அளக்கலாம்.

பிறக்கும்போது தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. முதல் 3 மாதங்களில் மாதம் 2 செ.மீ., அடுத்த 3 மாதங்களில் மாதம் 1 செ.மீ. அளவில் வளரும். இதைவிட வேகமாகப் பெருத்தாலோ, உச்சிக்குழி உப்பி நின்றாலோ, கருவிழிகள் கீழே சொருகினாற்போல் இருந்தாலோ தலையில் நீர் கோத்திருக்கலாம். ஹைட்ரோசெபாலஸ் என்பது இதுதான். 'பெரிய தலை, பெரிய புத்தி' என்று நன்னிமார் சொல்வதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

மூளைக்குள் தெளிந்த நீர் ஊறி, சுற்றி ஓடி, ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அந்த வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். பிறவிக் குறை, குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், கட்டி எனக் காரணங்கள் பல. கிரகணமும் கண்ணேறும் காரணமல்ல. தாயைக் குறை சொல்வது அநியாயம். மண்டையோடு இறுகிவிட்ட பெரிய பிள்ளைகளுக்குத் தலை பெருக்காது. காலையில் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் வரும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொர்தோவாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி இந்நோயைத் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதினார். தாம் பார்த்த பிள்ளைகள் பிழைக்கவில்லை என்பதால் கத்தி வைக்கத் தயங்கினார். 1956இல் அமெரிக்க மெக்கானிக் ஜான் ஹோல்டர், இதே நோயுள்ள தன் மகனுக்காக ஒரு வால்வு செய்தார். இன்று 'ஷன்ட்' என்ற மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் தலையிலிருந்து வயிறு வரை வைத்து நீரை வடிக்கிறார்கள். சிலருக்குக் குழாயின்றி, எண்டோஸ்கோப் மூலம் உள்ளேயே வழி திறக்கிறார்கள்.

ஓதி ஊதுங்கள், அதோடு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். உச்சிக்குழி வழியே எடுக்கும் ஸ்கேன் வலிக்காது. காரைக்குடியிலிருந்து ஆபரேஷனுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஷன்ட் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல், ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம் வந்தால் குழாய் அடைத்திருக்கலாம், கிருமி சேர்ந்திருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.