தும்மாத எலிக்கும் நோய் இருக்கலாம்... ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

ஆய்வக எலி பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஓடும், சாப்பிடும். ஆனா அதன் மூச்சுக்குழாயில் 'மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ்' என்ற பாக்டீரியா குடியிருக்கலாம். அந்த எலிக்கு ஆஸ்துமா மருந்து கொடுத்துச் சோதித்தால், நுரையீரலில் தெரியும் மாற்றம் மருந்தாலா, கிருமியாலா? சொல்ல முடியாது. உழைப்பும் வீண், எலிகளின் உயிரும் வீண்.

இந்தக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது சிரமம். அதனால், அதை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடுறாங்க. சில துளி ரத்தம் எடுத்து, அதன் சீரத்தை, கிருமியின் புரதம் பூசிய தட்டில் விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அடுத்து சேர்க்கும் ரசாயனங்களால் நிறம் மாறும். இதுதான் எலைசா.

சிக்கல் என்னன்னா, இந்தக் கிருமிக்கு ஆன்டிபாடி உருவாகவே சில வாரங்கள் ஆகலாம். நேற்று தொற்றிய எலி இன்று 'நெகட்டிவ்'தான்! புற்றுநோய் ஆய்வுக்கான, எதிர்ப்புச் சக்தியற்ற 'ஸ்கிட்' எலிகளிலோ அது கிட்டத்தட்ட உருவாகாது. அங்கே சாதாரண எலி ஒன்றைக் கூடவே விட்டு, அதன் ரத்தத்தைப் பார்ப்பாங்க. காவல்காரன் மாதிரி!

'பாசிட்டிவ்' வந்தாலும் அவசரப்படக் கூடாது. மூட்டுகளைத் தாக்கும் இன்னொரு மைக்கோபிளாஸ்மாவும் இதே நிறத்தைக் காட்டலாம். அதனால்தான் பிசிஆர் மூலம் உறுதி செய்த பிறகே எலிக்கூட்டத்தை என்ன செய்வது என முடிவெடுக்கிறார்கள்.