துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்!

ஒரு நாள் மாலை உங்கள் வீட்டுக்காரர் ஒரு மரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் நடுவில் அதை இறக்கி வைத்து மூடியைத் திறக்கிறார். பழைய எண்ணெய் வாசனை வீடெங்கும் பரவுகிறது. உள்ளே ஏதோ ஓர் இரும்புச் சாமான். பாதி வர்ணம், பாதி துரு.

"இது என்ன?"

"லேத்! மேஜை மேல் வைத்து வேலை செய்யக்கூடிய குட்டி லேத்!"

"எவ்வளவு கொடுத்தீர்கள்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வராது. தொண்டையைக் கனைத்துக்கொள்வார். காப்பி இருக்கிறதா என்று விசாரிப்பார்.

வீட்டுச் செலவுக்கென்று வைத்திருந்த பணம் பழைய இரும்பாக வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டதே என்று உங்களுக்கு ஆத்திரம் வருவது நியாயந்தான். ஆனால் அவசரப்படாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது புதையலாகவும் இருக்கலாம். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய சரக்காகவும் இருக்கலாம். எது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். பணம் கைமாறுவதற்கு முன்பே அந்த அரை மணியைச் செலவிட்டால் இன்னும் உத்தமம். இதற்கு எஞ்சினீயரிங் பட்டம் வேண்டியதில்லை. தையல் மிஷினை வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவருக்குப் பாதி வித்தை ஏற்கனவே தெரியும். மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மத்தும் லேத்தும்

மோர் கடைகிறோம். மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்து மத்தைச் சுழற்றுவது போலவே, அந்த நாளில் மரத்தையும் கயிறு சுற்றிச் சுழற்றித்தான் கடைந்தார்கள். சிறு வயதில் நீங்கள் வைத்து விளையாடிய அம்பாசமுத்திரத்து மரச் செப்புகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் குட்டிக் குடமும் தட்டும் அவ்வளவு உருண்டையாக அமைந்தது கடைசலில்தான்.

லேத்தின் சூட்சுமம் பென்சில் சீவும் கருவியிலேயே இருக்கிறது. கத்தி அசையாமல் நிற்கிறது; பென்சில் சுழல்கிறது; சீவல் சுருள் சுருளாக வருகிறது. பென்சிலுக்குப் பதில் பித்தளை அல்லது எஃகுத் துண்டு. அதைக் கவ்விப் பிடிக்க மூன்று தாடைகள். அதற்கு 'சக்' என்று பெயர். கத்தியை நூலிழை நூலிழையாக நகர்த்துவதற்குத் திருகாணி பூட்டிய ஒரு மேடை. இவ்வளவுதான் லேத். உடைந்துபோன கைப்பிடி, கிடைக்காத திருகு, குழந்தையின் பொம்மை ரயிலுக்கு ஒரு சக்கரம் எல்லாவற்றையும் இதிலே கடைந்துகொள்ளலாம்.

உப்பு ஊரில் பிறந்தது

இப்படிப்பட்ட குட்டி லேத்துகளில் உலகப் பிரசித்தி பெற்றது 'யூனிமாட்'. ஆஸ்திரியா தேசத்தில் ஸால்ஸ்பர்க் நகருக்கு அருகே ஹாலைன் என்று ஓர் ஊர். உப்புச் சுரங்கத்துக்குப் பேர்போனது. இரும்புக்கு உப்பு எவ்வளவு பெரிய சத்துரு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் 'எம்கோ' நிறுவனத்தார் 1950-களின் முற்பகுதியில் யூனிமாட்டைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இரண்டு உருண்டைக் கம்பிகளே இதன் தண்டவாளம். சுழலும் தலையைக் கழற்றி, செங்குத்தான ஒரு தூணில் மாட்டிவிட்டால் லேத்தே துளை போடும் மிஷினாகிவிடும். மரம் அறுக்கும் வாள், சாணைக் கல் ஆகியவற்றையும் இதிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஒன்றிலே நாலு! மேஜை மூலையில் வேலை செய்துவிட்டு, முடிந்ததும் பெட்டியில் வைத்து மூடிவிடலாம். தனிப் பட்டறை வைக்க இடமில்லாத குடும்பங்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது.

இங்கிலாந்திலோ இந்தப் பைத்தியம் அதற்கும் முந்தியது. வீட்டிலேயே குட்டி நீராவி எஞ்சின் செய்கிறவர்களுக்காக 'மாடல் எஞ்சினீயர்' என்ற பத்திரிகை 1898-லேயே லண்டனில் தொடங்கிவிட்டது. அவர்களுடைய கொட்டகைகளில் அரசாண்டது 'மைஃபோர்ட்' லேத். அதன் புகழ்பெற்ற எம்.எல்.7 மாதிரி 1946-ல் வந்தது. நாட்டிங்ஹாம் அருகே இருந்த அந்த ஆலை 2011-ல் மூடப்பட்டது. பழைய யூனிமாட்டும் இப்போது செய்யப்படுவதில்லை. ஆகையால் இவற்றின் மேல் ஆசைப்படுகிறவர்கள் ஒருவர் கை மாறியதைத்தான் வாங்கியாக வேண்டும்.

அழுக்கு வேறு, தேய்மானம் வேறு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பழைய மிஷினில் இரண்டு விதக் கோளாறுகள் உண்டு. ஒன்று அழுக்கு, மற்றொன்று தேய்மானம். துரு, பிசின் போல உறைந்த எண்ணெய், உரிந்த வர்ணம் எல்லாம் அழுக்கு ஜாதி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பொறுமை இருந்தால் போய்விடும். தேய்மானமோ கண்ணுக்குத் தெரியாது, பணத்தை விழுங்கும். புது வர்ணம் பூசிப் பளபளவென்று நிற்கும் மிஷினைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வர்ணத்துக்குக் கீழே என்ன ஒளிந்திருக்கிறதோ!

அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அரைத்த அம்மியின் நடுப்பாகம் குழிந்திருக்கும். ஓரங்கள் அப்படியே இருக்கும். லேத்தும் இப்படித்தான். பெரும்பாலான வேலை சக்கின் பக்கத்திலேயே நடப்பதால், தண்டவாளம் அங்கேதான் அதிகம் தேயும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நகரும் மேடையைச் சக்கின் அருகே கொண்டு வந்து, ஆட்டமில்லாதபடி பிடியைச் சற்றே இறுக்குங்கள். பிறகு மறுகோடிக்கு நகர்த்துங்கள். முழு நீளமும் ஒரே சீராகப் போனால் நல்லது. போகப் போக இறுகிச் சிக்கிக்கொண்டால், சக்கின் பக்கம் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மியைக் கொத்திக் கொடுக்கத் தெருவிலேயே ஆள் வருவான். தேய்ந்த லேத்தைச் சமன் செய்யவோ பெரிய பட்டறைக்குப் போக வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் செலவாகும்.

அடுத்து, சக்கைக் கையாலே மெள்ளச் சுற்றுங்கள். வெண்ணெயில் சுற்றுவது போல் இருக்க வேண்டும். மணல் அரைபடுவது போல் கரகரத்தால் உள்ளே பேரிங் போய்விட்டது. சக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று அசையக்கூடாது. பேரிங்கை மாற்றிவிட முடியும். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேச வேண்டும். அந்தப் பேரத்தில் உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை!

பெட்டியில் என்னென்ன துணைச் சாமான்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சக், அதன் சாவி, கத்தி பிடிக்கும் கட்டை, துளைக்கருவி மாட்டும் பிடி இவையெல்லாம் தனித்தனியாகத் தேடிப் போனால் மிஷின் விலையையே எட்டிவிடும். ஒரு தையல் மிஷினின் பாபின் இன்னொன்றில் சேராததுபோல, இங்கும் எல்லாம் எல்லாவற்றிலும் சேராது. பழைய யூனிமாட்டின் சுழல் தண்டு மரை 12 மில்லிமீட்டர். 1976-ல் வந்த 'யூனிமாட் 3'-க்கு 14 மில்லிமீட்டர். பெயர் ஒன்றுதானே என்று வாங்கினால் ஏமாறுவோம்.

மோட்டாரில் ஒட்டிய தகட்டையும் படியுங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த மிஷின்கள் 115 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். தெரியாமல் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். நடுவில் டிரான்ஸ்பார்மர் அவசியம். பழைய ஒயர்களை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றி, எர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைத் தொடலாம். யூனிமாட்டின் சிறு மோட்டார் ஓயாமல் ஓடக் கூடியதும் அல்ல. சூடேறினால் நிறுத்தி ஆற விட வேண்டும்.

அஞ்சறைப் பெட்டி வைத்தியம்

மிஷின் தேறிவிட்டது; வாங்கியாயிற்று. இனி அழுக்கை விரட்டும் படலம்.

கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், பழைய அஞ்சறைப் பெட்டியில் எந்தப் பாகத்தினுடையது எது என்று பிரித்து வையுங்கள். கடுகையும் வெந்தயத்தையும் கலந்தால் பொறுக்குவது எவ்வளவு கஷ்டம்! வராத திருகை முரட்டுத்தனமாகத் திருகக்கூடாது, தலை போய்விடும். துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தால் மறுநாள் பெரும்பாலும் இளகிவிடும். உறைந்த பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் துடையுங்கள். இதைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் தீக்குச்சிக்கும் வெகு தூரத்தில் செய்ய வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்குகிறோம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைப்பது போல, வினிகரிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். கைப்பிடி, நட்டு, சாவி போன்ற முழு எஃகுச் சாமான்களை வினிகரில் ஓர் இரவு ஊற வைத்து, தூரிகையால் தேயுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காய வைத்து எண்ணெய் தடவுங்கள். 'உடனே' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஈரமாக விட்டால் துரு மறுபடி பிடித்துவிடும்.

தண்டவாளத்துக்கும் சுழல் தண்டுக்கும் இந்த வைத்தியம் கூடாது. அவற்றை எண்ணெயில் நனைத்த மெல்லிய எஃகுப் பஞ்சால் இதமாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு அளவும் போய்விடும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரட்டை ஜாக்கிரதை தேவை.

கடைசியாக எண்ணெய். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயே நகரும் பாகங்களுக்கு ஏற்றது. விறைத்துப்போன ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் புதியது மாட்டுங்கள்.

இனி பரீட்சை. ஒரு பித்தளைக் கம்பியைப் பொருத்தி, மிக மெல்லிய சீவலாகக் கடையுங்கள். பிறகு அதன் இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் ஒரே அளவானால் மிஷின் பிழைத்துக்கொண்டது!

முந்தானை ஜாக்கிரதை

குட்டி மிஷின்தானே என்று அலட்சியம் வேண்டாம். சுழலும் சக்குக்குப் பெரிசு சிறிசு கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்; பின்னலை முடிந்துகொள்ளுங்கள்; வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். கையுறை கூடாது, அது விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம். சக்கின் சாவியை அதிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் அது குண்டு போல் பறந்து வரும். சீவலைக் கையால் தள்ளாமல் தூரிகையால் தள்ளுங்கள்.

"இதையெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்? மிஷின் அவருடையதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம்.

இங்கிலாந்தில் செர்ரி ஹில் என்று ஒரு மாது. பழைய காலத்து நீராவி வண்டிகளைப் பதினாறில் ஒரு பங்கு அளவில், ஒவ்வொரு திருகையும் தம் கையாலேயே செய்து அமைத்தவர். இந்தக் கலையின் மிகப் பெரிய பரிசான எடின்பரோ கோமகன் கோப்பையை ஒன்பது தடவை வென்றவர். அவர் செய்த குட்டி எஞ்சின்கள் லண்டனில் மெக்கானிகல் எஞ்சினீயர்கள் சங்கத்தின் மாளிகையை அலங்கரிக்கின்றன. கோலத்தில் ஒரு புள்ளி பிசகாத கைக்கும், ஊசியில் நூல் கோக்கும் கண்ணுக்கும் இது அந்நியமான வேலையா என்ன?

ஆகையால் அடுத்த முறை மரப் பெட்டி வாசற்படி ஏறும்போது, "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று முதலில் கேட்காதீர்கள். நிதானமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வெண்ணெயில் சுற்றுவது போல் இருந்தால், அவருக்கு ஒரு காப்பி கொடுங்கள்.

கரகரவென்றால் அப்புறம் இருக்கவே இருக்கிறது அந்தக் கேள்வி!